மறைந்த நிலவும் மறையாத உண்மையும்

எல்லாப் புகழும் அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக.



2018ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 31ஆம் திகதி, புதன்கிழமை மாலை. மாரி மழை பெரும்பாலும் ஓய்ந்திருந்தது. ஆனால் வாடைக் காற்றின் குளிர் இன்னும் விட்டுப் போகவில்லை. மஃரிபுக்குச் சற்று முன்னர் காத்தான்குடிக் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தேன். எமது ஊரின் அமைப்பை நீங்கள் அறிவீர்கள். மேற்கே வாவி, கிழக்கே கடல், இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய ஒரு மணல் நிலம். பௌர்ணமி நாட்களில் சூரியன் வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கமாக இறங்கும் அதே வேளையில், கடலின் விளிம்பிலிருந்து முழுநிலவு எழுவதை இங்கு காணலாம். அன்றும் பௌர்ணமிதான். சூரியன் இறங்கியது. நிலவைத்தான் காணவில்லை.

அது எழாமல் இருக்கவில்லை. எழும்போதே பூமியின் நிழலுக்குள் ஏறக்குறைய முழுவதுமாய் மூழ்கியிருந்தது. எஞ்சியிருந்த ஒரு மெல்லிய கீற்றும் மாலை 6.21 மணிக்கு மறைந்துவிட்டது. அந்தி வெளிச்சம் அடங்கி, மஃரிப் தொழுது மீண்டும் கடற்கரைக்கு வந்தபோதுதான் மேகங்களின் இடையே பழைய செம்புத் தட்டொன்றைப் போல் மங்கிச் சிவந்த ஒரு வட்டம் தென்பட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் மௌனமானார்கள். பிள்ளைகள் பெரியவர்களின் கைகளைப் பற்றிக்கொண்டார்கள்.

அவ்வேளையில் எனது அயலிலே வாழ்ந்த ஒரு மூத்த சகோதரி என்னருகே வந்தார். சிறுவயது முதல் நான் "ராத்தா" என்று அழைத்துவரும் பெண்மணி. கர்ப்பிணியாயிருந்த தமது மருமகளை வீட்டின் உள்ளறையில் கதவைச் சாத்தி இருத்திவிட்டு வந்திருந்தார். "தம்பி, அவளை வெளியில கூட்டி வரலாமா? தண்ணி குடிக்கக் குடுக்கலாமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

சிறிய கேள்விதான். ஆயினும் அதன் பின்னால் முப்பதாண்டுக் காலத் துயரொன்று இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னர், அன்றிரவு நாம் கண்டது யாது என்பதனைச் சற்றே விளங்கிக்கொள்வோம்.

சூரியனின் ஒளி பூமியின் ஒரு பக்கத்தில் விழும்போது மறுபக்கத்தில் கூம்பு வடிவான நிழலொன்று விண்வெளியில் நீள்கிறது. அந்நிழலின் நீளம் ஏறக்குறைய 14 இலட்சம் கிலோமீற்றர். சந்திரனோ சராசரியாக 384,400 கிலோமீற்றர் தூரத்தில் நம்மைச் சுற்றி வருகிறது. எனவே சூரியன், பூமி, சந்திரன் ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமையும் பௌர்ணமி இரவில் சந்திரன் அந்நிழலுக்குள் நுழைந்து வெளியேறுகிறது. சந்திரனின் பாதை சற்றே சரிந்திருப்பதால் எல்லாப் பௌர்ணமிகளிலும் இது நிகழ்வதில்லை. நிழலுக்குள் சென்ற பின்னரும் நிலவு முற்றாகக் கறுத்துவிடாமல் சிவந்து தோன்றுவதற்குக் காரணம், பூமியைச் சூழ்ந்துள்ள காற்று மண்டலம் சூரிய ஒளியின் செந்நிறப் பகுதியை வளைத்து உள்ளே அனுப்புவதாகும். அக்கணத்தில் உலகெங்கும் உதயமாகின்ற, அஸ்தமிக்கின்ற எல்லாச் சூரியன்களின் செம்மையும் ஒன்றுசேர்ந்து அந்நிலவின் மீது படிகின்றது என்றே கூறலாம். ஸுப்ஹானல்லாஹ்!

இங்கே ஒன்றை நினைவில் நிறுத்துங்கள். நிலவை மறைத்தது பாம்பன்று; அரக்கனுமன்று. நாம் நின்றுகொண்டிருந்த இப்பூமியின் நிழலே அதனை மறைத்தது.

கண்ணியத்துக்குரிய வாசகர்களே! கிரகணம் என்றவுடன் ஒரு முஃமினின் உள்ளம் மதீனாவை நோக்கித் திரும்ப வேண்டும். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, நபி (ஸல்) அவர்களின் அன்பு மகன் இப்ராஹீம் (ரலி) அவர்கள், அன்னை மாரியா (ரலி) அவர்களின் வயிற்றில் உதித்த அக்குழந்தை, பால்குடிப் பருவத்திலேயே இறையடி சேர்ந்தார். நபியவர்களின் கண்கள் கலங்கின, உள்ளம் துயருற்றது. ஆயினும் இறைவன் பொருந்திக்கொள்ளாத ஒரு சொல்லும் அவர்களது நாவிலிருந்து வரவில்லை. அதே நாளில் சூரியன் மறைக்கப்பட்டது. கி.பி. 632ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் திகதி நிகழ்ந்த கிரகணம் அதுவே என வானியற் கணிப்புகளைக் கொண்டு அறிஞர்கள் கூறுவர்.

மக்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? இறைத்தூதரின் மகன் மறைந்ததற்காகவே சூரியனும் மறைந்தது என்றார்கள். அவர்கள் பகைமையால் பேசவில்லை, அன்பினால் பேசினார்கள். மகனை இழந்த தந்தைக்கு அதனினும் பெரிய ஆறுதல் வேறென்ன இருக்க முடியும்? நபியவர்கள் எதுவும் கூறாது மௌனமாக இருந்திருந்தாலே போதும். வானமே அழுதது என்ற செய்தி அரபு தேசமெங்கும் பரவியிருக்கும். ஆனால் அவர்கள் அந்த மௌனத்தைக்கூடத் தமக்கு அனுமதித்துக்கொள்ளவில்லை. நீண்ட தொழுகையை நிறைவேற்றிய பின் மக்கள்முன் நின்று, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய மரணத்திற்காகவும் எவருடைய பிறப்பிற்காகவும் அவை மறைவதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். மண்ணறையின் ஈரம் காயாத நாளில், தமக்குச் சாதகமான ஒரு தவறான நம்பிக்கையைத் தாமே முன்வந்து மறுத்தார்கள். அவர்களது தூதுத்துவத்தின் உண்மைக்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியையும் வரலாறு பதிவு செய்துள்ளது. 1504ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் திகதி, ஜமைக்காத் தீவின் கரையில் கப்பல்கள் பழுதடைந்து தங்கியிருந்தார் கொலம்பஸ். அத்தீவின் மக்கள் உணவு கொடுப்பதை நிறுத்தியிருந்தனர். அன்றிரவு சந்திர கிரகணம் நிகழும் என்பதனைத் தம்மிடமிருந்த பஞ்சாங்க நூலைக்கொண்டு முன்கூட்டியே அறிந்த அவர், தமது கடவுள் சினம் கொண்டிருப்பதாகவும் நிலவை மறைக்கப்போவதாகவும் கூறி அம்மக்களை மிரட்டினார். நிலவு மறைந்தது. அஞ்சிய மக்கள் உணவைக் கொண்டுவந்து குவித்தனர். அவரிடம் அறிவு இருந்தது. அதனை எளியவர்களை ஏமாற்றப் பயன்படுத்தினார். நபியவர்களோ, மக்கள் தாமாகவே நம்பத் தயாராயிருந்ததையும் ஏற்க மறுத்தார்கள். வானத்தைத் தன் வழக்குக்குச் சாட்சியாக அழைப்பவனுக்கும், அழைக்க மறுப்பவருக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும்.

அன்பர்களே! இந்தப் பாடம் நமது பிரதேசத்திற்கு எவ்வளவு தேவையானது என்பதற்கு இரு நிகழ்வுகளை, கனத்த உள்ளத்தோடு நினைவூட்டுகிறேன்.

1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு. காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது துப்பாக்கிகள் திறக்கப்பட்டன. சிறுவர் முதல் முதியவர் வரை நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாக்கப்பட்டனர். அதற்கு மூன்றாம் நாள், ஆகஸ்ட் 6ஆம் திகதி மாலை, இலங்கை வானில் எழுந்த பௌர்ணமி நிலவைப் பூமியின் நிழல் தொட்டது. இரவு 7.40 மணியளவில் அதன் விட்டத்தில் மூன்றில் இரு பங்கு மறைந்திருந்தது. ஜனாஸாக்களை அடக்கிவிட்டு வந்த ஓர் ஊருக்கு, தங்களுக்காகவே நிலவும் துக்கம் அனுட்டிக்கிறது என எண்ணத் தோன்றினால் அதில் வியப்பில்லை. அந்த எண்ணத்தை நான் பழிக்கமாட்டேன். மதீனாவின் மக்களுக்கும் அவ்வாறே தோன்றியது.

ஆனால் மற்றைய நிகழ்வையும் எண்ணிப் பாருங்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி. அதுவும் பௌர்ணமி தினமே. அன்று காலை கடல் எழுந்து வந்து, நமது நாட்டில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. காத்தான்குடி, கல்லடி, நாவலடி, கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை என நமது கரையோரம் முழுவதும் ஒரே ஓலம். அன்றிரவு கிரகணம் எதுவுமில்லை. முழுநிலவு வழமைபோல் உரிய நேரத்தில், எந்தக் குறையுமின்றி அதே கடலின் மேல் எழுந்தது. அப்படியானால் அந்த மையித்துகளுக்காக வானம் வருந்தவில்லை என்பதா? இல்லை. நிலவு தனக்கு விதிக்கப்பட்ட கணக்கின்படி சென்றுகொண்டிருந்தது. அவ்வளவே. ஷஹீதுகளின் தகுதியை அல்லாஹ் அறிவான். அதனை உறுதிப்படுத்த நிலவின் கறுப்பு தேவையில்லை. கடலில் மறைந்தவர்களின் நிலையையும் அவனே அறிவான்; நிலவின் வெண்மை அவர்களுக்கு எதிரான சாட்சியுமன்று.

ஆயினும் சுனாமியின் பின்னர் நாம் எவ்வாறெல்லாம் பேசினோம்? இன்ன ஊரின் பாவம், இன்ன வீட்டின் பாவம், இன்ன பெண்களின் உடை என்றெல்லாம் விரல் நீட்டியவர்கள் நம்மிடையே இல்லையா? சோதனை அல்லாஹ்விடமிருந்து வருகிறது என்பது நமது ஈமான். அச்சோதனை யாருடைய குற்றத்திற்காக வந்தது எனத் தீர்ப்பு வழங்கும் உரிமை எவருக்கும் தரப்படவில்லை. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயின் காதில் அத்தீர்ப்பு எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை ஒரு கணமேனும் எண்ணினோமா?

இப்போது ராத்தாவின் கேள்விக்கு வருகிறேன்.

எண்பதுகளில், நான் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலம். ராத்தாவுக்கு அப்போது முதற்பிள்ளை வயிற்றில், ஏழாவது மாதம். ஒரு கிரகண மாலையில் வீட்டாருக்காக மீன் அரிந்து கறி ஆக்கினார். பிறந்த ஆண் குழந்தையின் மேலுதடு பிளந்திருந்தது. அன்று தொடங்கியது பேச்சு. அவர் கத்தி பிடித்ததால்தான் பிள்ளையின் உதடு வெட்டுண்டது என்று வீட்டார் கூறினர், அயலார் கூறினர், ஊரே கூறிற்று. சத்திரசிகிச்சையால் பிள்ளையின் உதடு பின்னர் சீராகிவிட்டது. தாயின் மீது விழுந்த பழியை நீக்க எவரும் முன்வரவில்லை. கலியாண வீடுகளிலும் மூலையிலேயே அமர்வார். மதீனாவில் நடந்ததை நான் அப்போதே ஓதியிருந்தேன். ஆயினும் பெரியவர்கள் பேசுமிடத்தில் நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்திற்காக இன்றளவும் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கோருகிறேன்.

அந்தப் பிள்ளையின் மனைவிதான் 2018ஆம் ஆண்டின் அம்மாலையில் உள்ளறையில் தாகத்தோடு இருந்தவள்.

நான் ராத்தாவிடம் சொன்னேன்: கருவின் உதட்டின் இரு பக்கங்களும் ஒன்றிணைவது நான்காவது வாரத்திற்கும் ஏழாவது வாரத்திற்கும் இடையிலாகும். பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதைத் திடமாக அறிந்துகொள்வதற்கு முன்னரே அது முடிந்துவிடுகிறது. அவ்விணைப்பு நிகழாமற் போவதற்குப் பரம்பரை இயல்புகளும் வேறு உடற் காரணங்களும் உள்ளன என்று வைத்தியர்கள் கூறுகின்றனர். ஏழாவது மாதத்தில் மீன் அரிந்த கத்திக்கும் அதற்கும் எத்தொடர்பும் இல்லை. எவரது மரணத்திற்காகவும் பிறப்பிற்காகவும் மறையாத நிலவு, ஒரு தாயின் கத்திக்காக அவளது குழந்தையைத் தண்டிக்குமா?

ராத்தா நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், "அப்ப, அது நான் செஞ்ச பிழை இல்லையா, தம்பி?" என்று கேட்டார்.

"இல்லை, ராத்தா" என்றேன். வேறொன்றும் கூற எனக்கு நா எழவில்லை.

அவர் வீட்டுக்குச் சென்று மருமகளைக் கைபிடித்து அழைத்து வந்தார். அப்பெண் முதலில் தண்ணீர் அருந்தினாள். பின்னர் இருவரும் நிலவைப் பார்த்தார்கள்.

வாசகர்களே, நமது வீடுகளில் இன்றும் கிரகணத்தன்று கர்ப்பிணித் தாய்மார் பட்டினியிலும் தாகத்திலும் அடைத்து வைக்கப்படுவார்களாயின், அது மார்க்கமுமன்று, மருத்துவமுமன்று. சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதில் எவருக்கும் தீங்கில்லை. சூரிய கிரகணத்தை மாத்திரமே உரிய பாதுகாப்புக் கண்ணாடியின்றி நோக்கலாகாது. நபியவர்களின் காலத்தில் பெண்கள் ஒளித்து வைக்கப்படவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் அவர்களது சகோதரி அஸ்மா (ரலி) அவர்களும் அக்கிரகணத் தொழுகையில் கலந்துகொண்டனர். மக்கள் ஏன் நிற்கின்றனர் என அஸ்மா (ரலி) வினவியபோது, தொழுதுகொண்டிருந்த ஆயிஷா (ரலி) வானத்தை நோக்கிச் சைகை செய்ததாகவே ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

சிலர் கேட்கக்கூடும்: எல்லாம் கணக்கின்படி முன்கூட்டியே தெரிந்த விடயமாயின், அஞ்சுவதும் தொழுவதும் எதற்கு? அவர்களிடம் நான் கேட்பது இதுதான். சூரியன் எத்தனை மணிக்கு மறையும் என்பதனைக் கலண்டரைப் பார்த்தே அறிகிறோம். அதற்காக மஃரிபை விட்டுவிடுகிறோமா? கணக்கு நமக்கு நேரத்தைச் சொல்கிறது. அக்கணக்கை அமைத்தவனை நினைவூட்டுவது தொழுகை. முன்னைய முஸ்லிம் அறிஞர்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதவில்லை. கி.பி. 997ஆம் ஆண்டு மே 24ஆம் திகதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தை, குவாரிஸ்ம் தேசத்தின் காத் நகரிலிருந்து அல்பிரூனியும், பக்தாதிலிருந்து அபுல் வஃபாவும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு அவதானித்தனர். கிரகணம் காண்போர் அனைவருக்கும் ஒரே கணத்தில்தான் தொடங்குகிறது; அவ்வவ்வூரின் நேரம் மட்டுமே வேறுபடுகிறது. அந்நேர வேறுபாட்டைக்கொண்டு இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணித்தனர்.

அந்த ஒரே கணம் நமது வாவியின் இரு கரைகளுக்கும் பொதுவானது. எழுவான்கரையில் நிற்பவரும் படுவான்கரையில் நிற்பவரும் ஒரே நிழலைத்தான் காண்கின்றனர். 1990இல் இப்பக்கத்தில் பள்ளிவாசல்களில் இரத்தம் சிந்தியது. அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சகோதரர்களின் இரத்தம் சிந்தியது. வானம் எந்தக் கரைக்கும் சார்பாகச் சாட்சி சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் நீதியாக நடப்பது மனிதர்களாகிய நம்மீது விடப்பட்ட கடமையாகும்.

எனவே, நிலவு மறையும் இரவில் நாம் செய்யவேண்டியவை யாவை? அதானும் இகாமத்தும் இன்றி மக்களைத் தொழுகைக்கு அழையுங்கள். இரண்டு ரக்அத்கள், ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு நிலைகள், இரண்டு ருகூஉகள். அதன்பின் குத்பா. பள்ளிக்குச் செல்ல இயலாதவர்கள் வீட்டிலேயே தொழலாம். துஆவில், திக்ரில், இஸ்திக்ஃபாரில் ஈடுபடுங்கள். ஸதகா கொடுங்கள். அடிமைகளை விடுதலை செய்யுமாறும் நபியவர்கள் அந்நேரத்தில் ஏவினார்கள். இன்று நம்மிடம் அடிமைகள் இல்லை. ஆனால் நமது சொல்லால் கட்டுண்டு கிடப்பவர்கள் இருக்கிறார்கள். காரணமின்றிப் பழி சுமப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று, "அது உங்கள் பிழையன்று" எனக் கூறுவதும் ஒரு விடுதலையே.

எதிர்வரும் 2028ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி இரவு, இன்ஷா அல்லாஹ், நமது நாட்டில் முழுச் சந்திர கிரகணமொன்று தென்படவுள்ளது. இரவு எட்டரை மணி கடந்ததும் நிழல் படியத் தொடங்கி, 9.46 மணியளவில் முழுமையாகி, 71 நிமிடங்கள் நீடித்து, நள்ளிரவை அண்மித்து விலகும். உலகம் புத்தாண்டு வாணவேடிக்கையில் மூழ்கியிருக்கும் அவ்வேளையில், வானம் இருந்தால், சற்று வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். உங்கள் பிள்ளைகளையும், வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். நிலவின் மீது விழுவது நமது பூமியின் நிழல் என்று சொல்லிக் கொடுங்கள். பின்னர், யார் மீதேனும் நமது நாவின் நிழல் விழுந்திருக்கிறதா என்று நமக்குள் கேட்டுக்கொள்வோம்.

யா அல்லாஹ்! உனது அத்தாட்சிகளைக் கண்டு உன்னை அஞ்சுகின்ற உள்ளத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக. உன் படைப்புகளின் மீது பழி சுமத்தாத நாவையும், பேசவேண்டிய இடத்தில் உண்மையை மறைக்காத துணிவையும் தந்தருள்வாயாக. எங்களில் மறைந்தவர்களைப் பொருந்திக்கொள்வாயாக. வாவியின் இரு கரைகளிலும் அமைதியை நிலைபெறச் செய்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.